மோட்டார் ஓடுது, தண்ணிதான் போகமாட்டேங்கு

"மோட்டார் ஓடுது அண்ணாச்சி. தண்ணிதான் போகமாட்டேங்கு."

ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஓர் இரவில், நெல்லையில் எங்கள் பகுதிக் கழிவுநீர் உந்து நிலையத்தின் வாசலில் நின்று அங்கே வேலை பார்க்கும் ஆபரேட்டர் சொன்னது இது. தெருவில் இரண்டு மேன்ஹோல் மூடிகளைத் தூக்கிக்கொண்டு கழிவுநீர் பொங்கி, தெருவோர வாறுகால் வழியாக ஓடிப்போய் வாய்க்காலில் விழுந்துகொண்டிருந்தது. நிலையத்துக்குப் புது மோட்டார் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. "புது மோட்டார் போட்டும் இப்படியா" என்று கூடியிருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். அவர் பதிலுக்குச் சத்தம் போடவில்லை. எண்ணெய்க் கறை படிந்த ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். மணிக்கு மணி எந்த மோட்டார் ஓடியது, எத்தனை ஆம்பியர் இழுத்தது, கழிவுநீர் வந்து சேரும் கிணற்றில் மட்டம் எவ்வளவு என்று பேனாவால் எழுதிய வரிசைகள். மழை பெய்த இரவுகளில் எல்லாம் இரண்டு மோட்டாரும் விடிய விடிய ஓடியிருந்தன. மட்டம் மட்டும் இறங்கவே இல்லை.

உந்து நிலையத்தை மேம்படுத்துவது என்றால் மோட்டாரை மாற்றுவது என்றே நாம் நினைத்துக்கொள்கிறோம். மோட்டார் கண்ணுக்குத் தெரிகிறது, விலைப்பட்டியலில் இருக்கிறது, மாலை போட்டுச் சுவிட்சைத் தட்டித் தொடங்கிவைக்கவும் முடிகிறது. நோய் பெரும்பாலும் மண்ணுக்கு அடியில் இருக்கிறது.

கழிவுநீரை ஏன் உந்த வேண்டும் என்பதிலிருந்து தொடங்கலாம். பாதாள சாக்கடைக் குழாயில் நீர் தானாகவே சரிவில் ஓட வேண்டும். அதுவும் மெதுவாக ஓடினால் போதாது. வினாடிக்கு 0.6 மீட்டர் வேகமாவது இருந்தால்தான் மணலும் மலக்கழிவும் அடியில் தங்காமல் அடித்துக்கொண்டு போகும். 150 மில்லிமீட்டர் குழாயில் அந்த வேகம் கிடைக்க ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 6 மீட்டர் சரிவு வேண்டும். நெல்லை டவுனைச் சுற்றியுள்ள நிலம் வயல் நிலம். அத்தனை சரிவு தரை மேல் கிடையாது. ஆகவே குழாயைப் போகப்போக ஆழமாகப் புதைத்துக்கொண்டே போகிறார்கள். ஓர் ஆழத்துக்கு மேல் தோண்ட முடியாத இடத்தில் ஒரு கிணறு கட்டி, அதில் எல்லாத் தெருக் குழாய்களையும் விட்டு, அங்கிருந்து பம்ப் வைத்து மேலே தூக்கி அனுப்புகிறார்கள். அதுதான் உந்து நிலையம். தூக்கிய நீரை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகும் அழுத்தக் குழாயைப் பொறியாளர்கள் ரைசிங் மெயின் என்பார்கள். நாம் உந்து குழாய் என்றே வைத்துக்கொள்வோம்.

நம் ஊரில் இந்த ஏற்பாடு சிக்கலாவதற்குத் தாமிரபரணியும் அதன் கால்வாய்களும் ஒரு காரணம். ஆற்றுக்கு வடகரையில் டவுனும் தச்சநல்லூரும், தென்கரையில் பாளையங்கோட்டையும் மேலப்பாளையமும். 1994-ல் இவற்றைச் சேர்த்துத்தான் மாநகராட்சி உருவானது. நான்கும் நான்கு விதமாக வளர்ந்த ஊர்கள். இடையில் நெல்லைக் கால்வாயும் பாளையங்கால்வாயும் குடியிருப்புகளுக்கு நடுவிலேயே ஓடுகின்றன. கால்வாயில் தண்ணீர் வரும் மாதங்களில் அக்கம்பக்கத்து நிலத்தடி நீர் குழாய் மட்டத்துக்கு மேலே ஏறிவிடும். குழாய் இணைப்புகளில் விரிசல் இருந்தால் வெளிநீர் உள்ளே இறங்கும். கோடையில் அதே விரிசல் வழியாக உள்நீர் வெளியே கசியும். ஓர் ஓட்டை, வருஷத்தில் ஒரு பாதி ஒரு பக்கமும் மறுபாதி இன்னொரு பக்கமும் வேலை செய்கிறது. கரிசல் பாங்கான இடங்களில் இன்னொரு தொல்லை உண்டு. மழையில் ஊதி, வெயிலில் வெடிக்கும் மண் அது. பழைய பீங்கான் குழாய்களின் மூட்டுகள் அந்த ஆட்டத்தைத் தாங்குவதில்லை.

இனி அந்த ஆபரேட்டர் சொன்னதற்கு வருவோம். கணக்கைப் புரிந்துகொள்ள, ஒரு நிலையத்துக்கு 40,000 பேரின் கழிவுநீர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் குடிநீர், அதில் 80 சதவீதம் கழிவாகத் திரும்பும் என்பது வடிவமைப்பில் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் அளவு. அப்படியானால் நாளைக்கு 43 லட்சம் லிட்டர், சராசரியாக வினாடிக்கு 50 லிட்டர். காலையில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் குழாய் திறப்பதால் உச்ச அளவு இதைப்போல் இரண்டரை மடங்கு, அதாவது வினாடிக்கு 125 லிட்டர். இதை 400 மில்லிமீட்டர் உந்து குழாய் வழியாக 3 கிலோமீட்டர் தள்ள வேண்டும் என்றால் குழாய்ச் சுவரின் உராய்வு மட்டுமே 12 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் தூக்குவதற்குச் சமம். உண்மையான ஏற்றம் ஒரு 10 மீட்டர் என்றால் மொத்தம் 22 மீட்டர். அதற்கேற்ற பம்பை வாங்கிப் பூட்டுகிறோம்.

இருபது, இருபத்தைந்து வருஷம் போகிறது. வார்ப்பிரும்புக் குழாயின் உட்சுவரில் துருவும் கொழுப்பும் படிந்து உள்விட்டம் பத்தில் ஒரு பங்கு சுருங்குகிறது. பத்தில் ஒரு பங்குதானே என்று தோன்றும். உராய்வு இழப்பு விட்டத்தின் ஏறத்தாழ ஐந்தாம் மடிக்கு எதிர்விகிதத்தில் மாறும். ஆகவே 12 மீட்டராக இருந்தது 20 மீட்டர் ஆகிவிடும். மொத்தம் 30 மீட்டர். 22 மீட்டருக்கு வாங்கிய பம்ப் 30 மீட்டரை எதிர்த்து 125 லிட்டரைத் தள்ளாது. சத்தம் போட்டுச் சுற்றும், சூடேறும், மின்சாரத்தைத் தின்னும், தண்ணீரைக் கொஞ்சமாகவே அனுப்பும். பழைய மோட்டாரைக் கழற்றிவிட்டு அதே குதிரைத் திறனில் புதியதைப் போட்டாலும் கதை இதுதான். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை.

மின் கட்டணத்திலும் இது தெரியும். நல்ல நிலையில் உள்ள பம்ப், 60 சதவீதத் திறனோடு, அந்த 43 லட்சம் லிட்டரை 22 மீட்டர் தூக்க நாளைக்கு 430 யூனிட் போதும். தேய்ந்து 40 சதவீதத் திறனுக்கு இறங்கிய பம்ப், அடைபட்ட குழாயை எதிர்த்து 30 மீட்டருக்குத் தூக்கினால் அதே தண்ணீருக்கு 880 யூனிட். இரண்டு மடங்கு. குழாயை மாற்றப் பணம் இல்லை என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு வருஷமும் அந்தப் பணத்தை மின்வாரியத்துக்குக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம்.

குழாய் வெறுமனே சுருங்குவதோடு நிற்பதில்லை, அரிக்கவும் படுகிறது. இதில் நம் வெயிலுக்குப் பங்கு உண்டு. உந்து குழாய் முழுக்க நீர் நிறைந்து காற்றே இல்லாமல் இருக்கும். மேலே சொன்ன 3 கிலோமீட்டர் குழாயில் சராசரி ஓட்டத்தில் கழிவுநீர் இரண்டு மணி நேரம் அடைந்து கிடக்கிறது. இரவில் இன்னும் அதிகம். காற்றில்லாத அந்த நேரத்தில் நுண்ணுயிரிகள் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை உண்டாக்குகின்றன. வெப்பம் கூடக்கூட வேகமாக. உந்து குழாய் முடிந்து சாதாரணக் குழாயில் விழும் இடத்தில் வாயு வெளியே வருகிறது. கூமுட்டை நாற்றம் அடிக்கும் தெருமுனை உங்கள் பகுதியில் இருந்தால் அது பெரும்பாலும் இந்த இடமாக இருக்கும். வாயு, குழாயின் மேல்சுவரில் உள்ள ஈரத்தில் கரைய, வேறொரு வகை நுண்ணுயிரி அதைக் கந்தக அமிலமாக்குகிறது. கான்கிரீட் சுண்ணாம்புபோல உதிர்கிறது. அடிப்பக்கம் நன்றாக இருக்க, மேல்பக்கம் மட்டும் காகிதமாக மெலிந்து, ஒரு நாள் மணல் லாரி போகும்போது ரோடு உள்வாங்குகிறது. திடீர்ப் பள்ளம் என்று செய்தி வரும். அந்தப் பள்ளம் பத்துப் பதினைந்து வருஷமாக உருவாகிக்கொண்டிருந்தது.

அதே வாயுதான் ஆளையும் கொல்கிறது. கொஞ்சமாக இருக்கும்போது நாறும். காற்றில் பத்து லட்சத்துக்கு நூறு பங்கை எட்டினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "வாடை இல்லை, இறங்கலாம்" என்று ஒருவர் இறங்குவதும், அவரைத் தூக்க இன்னொருவர் இறங்குவதும், இருவரும் திரும்பாததும் இப்படித்தான். கழிவுநீர்க் குழிக்குள் பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இப்படி இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது. சட்டம் தெளிவாக இருக்கிறது. ஆனால் நிலையத்தின் கட்டுமானமே ஆள் இறங்கித்தான் ஆக வேண்டும் என்கிற மாதிரி இருந்தால் சட்டம் என்ன செய்யும்? பழைய நிலையங்களில் கிணற்றடியில் உள்ள சல்லடையில் துணியும் நாப்கினும் பால் பாக்கெட்டும் சிக்கினால் ஒருவர் இறங்கி கையால் எடுத்தாக வேண்டும். என்னைப் பொறுத்தவரை மேம்பாட்டுத் திட்டத்தின் முதல் பக்கத்தில் வர வேண்டியது இதுதான்: தானே மேலேறிக் குப்பையைக் கொட்டும் இயந்திரச் சல்லடை, சங்கிலியில் மாட்டி மேலிருந்தே தூக்கக்கூடிய நீர்மூழ்கி பம்ப், வால்வுகளைக் கிணற்றுக்குள் வைக்காமல் தனி அறையில் வைப்பது. பணம் போதாமல் எதையாவது வெட்ட வேண்டி வந்தாலும் இவற்றில் கை வைக்கக் கூடாது.

மழை விஷயம் வேறு மாதிரி. அதில் குற்றம் முழுக்க அரசாங்கத்தின் மேல் இல்லை.

பாதாள சாக்கடை கழிவுநீருக்கு மட்டும் கட்டியது. மழைநீருக்கு வாறுகாலும் ஓடையும் தனி. ஆனால் வீடு கட்டும்போது மொட்டைமாடி, எங்கள் பக்கம் சொல்வதானால் தட்டட்டி, அதிலிருந்து இறங்கும் குழாயை எங்கே விடுவது என்று யோசிக்கிற கொத்தனார், பக்கத்தில் இருக்கும் சாக்கடைத் தொட்டியில் இணைத்துவிடுகிறார். வீட்டுக்காரருக்கும் வசதி, முற்றத்தில் தண்ணீர் நிற்காது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். நூறு சதுர மீட்டர் தட்டட்டியில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் 5,000 லிட்டர். ஐந்து பேர் உள்ள அந்த வீடு ஒன்பது நாளில் வெளியேற்றும் மொத்தக் கழிவுநீருக்குச் சமமானது ஒரே மழையில் இறங்குகிறது. நாம் எடுத்துக்கொண்ட பகுதியில் 8,000 வீடுகள் என்று வைத்து, பத்துக்கு ஒரு வீடு மட்டும் இப்படி இணைத்திருந்தாலும், அந்த மழை இரண்டு மணி நேரத்தில் பெய்தால் வினாடிக்கு 555 லிட்டர் வரும். பம்ப் தள்ளக்கூடியது 125. எந்த மோட்டாரை வாங்கி வைத்தாலும் இதைச் சமாளிக்க முடியாது. அன்று இரவு நோட்டைப் பார்த்துவிட்டு வந்த பிறகு எங்கள் வீட்டுத் தட்டட்டிக் குழாயை நான் பின்தொடர்ந்து பார்த்தேன். அதுவும் சாக்கடைத் தொட்டிக்குள்தான் போயிருந்தது. கட்டி இருபது வருஷமாக யாரும் கவனிக்கவில்லை. அதைப் பிரித்து மழைநீர்த் தொட்டிக்குத் திருப்ப ஒரு பிளம்பருக்கு அரை நாள் வேலை.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கழிவுநீரைக் கிணற்றில் தேக்கி வைக்கக் கூடாது, புளித்துப்போகும். ஆகவே சராசரி வரத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் தங்காத அளவுக்குத்தான் கிணறு கட்டுவார்கள். நம் எடுத்துக்காட்டில் 90,000 லிட்டர். காலை உச்ச நேரத்தில் கரண்ட் போனால் காலிக் கிணறுகூட 12 நிமிடத்தில் நிறைந்துவிடும். அதற்குள் ஜெனரேட்டர் ஓட வேண்டும், அதில் டீசல் இருக்க வேண்டும், பேட்டரி செத்திருக்கக் கூடாது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கரண்ட் சட்டென்று போகும்போது வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்த 3 கிலோமீட்டர் நீர்த்தூண் திடுமென நிற்கிறது. அந்த அதிர்ச்சி இரும்புக் குழாயில் 100 மீட்டர் நீர் உயரத்துக்குச் சமமான அழுத்தத்தை உண்டாக்கக்கூடும். குழாய் தாங்கிக்கொண்டிருந்தது 30. பழைய குழாய் நள்ளிரவில் வெடிப்பதற்கும் அதற்குச் சற்று முன் கரண்ட் போனதற்கும் உள்ள உறவு இதுதான். குழாய்க்குள் காற்றை விடவும் வெளியேற்றவும் வைத்த காற்று வால்வுகள் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தால் இன்னும் மோசம். மெதுவாக மூடும் வால்வு, வேலை செய்யும் காற்று வால்வு, தேவைப்பட்டால் அழுத்தம் தாங்கும் தொட்டி ஆகியவை மோட்டாரை ஒப்பிடச் சின்னச் செலவுகள். திட்டத்தில் முதலில் வெட்டுப்படுவதும் இவைதான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளத்தை நம்மில் யாரும் மறக்கவில்லை. குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்கியது, கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்துக்குள் தண்ணீர் நின்றது, சந்திப்பும் மீனாட்சிபுரமும் வண்ணார்பேட்டையும் தண்ணீரில் கிடந்தன. 1992 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த பெரியவர்கள் அதையும் இதையும் ஒப்பிட்டுப் பேசினார்கள். உந்து நிலையம் எப்போதும் அந்தப் பகுதியிலேயே பள்ளமான இடத்தில்தான் இருக்கும், வேறு வழியில்லை. ஆனால் மின்சார பேனலும் டிரான்ஸ்ஃபார்மரும் ஜெனரேட்டரும் பள்ளத்தில் இருக்க வேண்டியதில்லை. வெள்ளம் ஏறிய கோடு இன்னும் பல சுவர்களில் தெரிகிறது. புது பேனல் அறையின் தரை அந்தக் கோட்டுக்கு ஒரு மீட்டராவது மேலே இருக்க வேண்டும் என்று கேட்க எந்த ஆய்வறிக்கையும் தேவையில்லை.

தூக்கிய நீர் எங்கே போகிறது? பாதாள சாக்கடைத் திட்டத்தின் முதல் கட்டத்தில் ராமையன்பட்டியில் கட்டிய சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்குச் சுமார் 2.4 கோடி லிட்டருக்கானது. 2011 கணக்கெடுப்பில் மாநகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 4.73 லட்சம். மேலே சொன்ன அதே அளவில் பெருக்கிப் பார்த்தால் 5 கோடி லிட்டருக்கு மேல் வருகிறது. அதனால்தான் அடுத்தடுத்த கட்டங்கள் தேவைப்பட்டன. இந்த இடத்தில் நான் ஒன்றை வற்புறுத்தியே சொல்வேன். சுத்திகரிப்பு நிலையத்தின் கொள்ளளவை எவ்வளவு கூட்டினாலும், உந்து நிலையம் பொங்கி வழிந்தால் அந்த நீர் அங்கே போய்ச் சேராது. அது வாறுகாலில் இறங்கி, கால்வாயில் கலந்து, ஆற்றுக்கோ வயலுக்கோ போகும். தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் வரை நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களுக்குள்ளேயே ஓடி முடிகிற ஆறு. அதன் மணலில் இறக்கிய உறைகிணறுகளிலிருந்துதான் நாமும் குடிக்கிறோம், கீழே தூத்துக்குடிப் பக்கத்து மக்களும் குடிக்கிறார்கள். 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகள் நேரில் வந்து, கழிவுநீர் ஆற்றில் கலக்கும் இடங்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு நிலையம் ஓர் இரவு பொங்குவது அந்தத் தெருவின் பிரச்சினையோடு முடிவதில்லை.

சரி, மேம்படுத்துவது எப்படி? ஓடிக்கொண்டிருக்கும் நிலையத்தை மூட முடியாது என்பதுதான் இதில் பெரிய சங்கடம். ஊர் ஒரு நாளும் குளிக்காமல் இருக்காது. ஆகவே புது உந்து குழாயைப் பழையதற்குப் பக்கத்திலேயே போட்டு, அழுத்தம் கொடுத்துச் சோதித்து, வரத்து மிகக் குறைவாக இருக்கும் விடியற்காலை இரண்டு முதல் நான்கு மணிக்குள் மாற்றி இணைக்க வேண்டும். அந்த இரண்டு மணி நேரத்துக்குத் தற்காலிக டீசல் பம்பும் டேங்கர் லாரிகளும் தயாராக நிற்க வேண்டும். தெருக் குழாய்களை எல்லாம் தோண்டி எடுக்க வேண்டியதில்லை. கேமராவை உள்ளே விட்டுப் படம் பிடித்தால் எந்த மூட்டு விட்டிருக்கிறது, எங்கே வேர் புகுந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். பாதிப் பேர் வீட்டு இணைப்பு வாங்காத இடத்தில் பெரிய குழாயைப் போட்டுவிடுவதும் ஆபத்து. ஓட்டம் மெலிந்து, மணல் தங்கி, புதுக் குழாய் புதிதாகவே அடைக்கும். இப்போதைய வரத்துக்கு ஒரு சின்ன பம்ப், உச்ச வரத்துக்குப் பெரியவை என்று கலந்து வைப்பதே நல்லது. மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். வேகத்தை மிகக் குறைத்தால் உந்து குழாயிலும் ஓட்டம் தணிந்து மண் படியும் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எப்போது தோண்டுவது என்பது இன்னொரு கேள்வி. இதற்கு ஒப்பந்தக்காரரின் அட்டவணையைவிட விவசாயியின் பஞ்சாங்கம் உதவும். பிசானம் அறுப்பு முடிந்து கால்வாயை அடைத்த பிறகு, ஜூனில் கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்கும் முன்பு, பங்குனிக் கடைசியிலிருந்து வைகாசி வரை கால்வாய்கள் வறண்டு கிடக்கும். நிலத்தடி நீர் இறங்கியிருக்கும். கால்வாயைக் கடக்கும் குழாய்களையும் ஆழமான கிணற்று வேலைகளையும் அந்த இரண்டு மாதத்துக்குள் முடித்துவிட்டால் பள்ளத்திலிருந்து தண்ணீர் இறைப்பதிலேயே காசு கரையாது. ஆனித் தேரோட்டத்துக்கு முன் டவுன் ரத வீதிகளில் தோண்டிய இடமெல்லாம் மூடி, கெட்டித்து, தேர் ஏறும் அளவுக்கு உறுதியாகியிருக்க வேண்டும். ஐப்பசியிலிருந்து வடகிழக்குப் பருவமழை. அப்போது திறந்த பள்ளம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. இதைக் கணக்கில் எடுக்காமல் புரட்டாசியில் தோண்டத் தொடங்கிய வேலை என்ன ஆகும் என்பதை, சேற்றில் பைக்கைத் தள்ளிக்கொண்டு போன எல்லாரும் அறிவார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதற்குச் செலவே கிடையாது. திட்ட அறிக்கை எழுதுகிறவர்கள் ஒரு நாள் முழுக்க நிலையத்தில் உட்கார்ந்து அந்த நோட்டுகளைப் படிக்க வேண்டும். எந்த மழைக்கு மட்டம் எவ்வளவு ஏறியது, எந்த மாதத்திலிருந்து ஆம்பியர் மாறியது, கரண்ட் போய் எத்தனை நிமிடத்தில் தெரு பொங்கியது என்பதெல்லாம் அதில் தேதியோடு இருக்கிறது. அன்று இரவு அவர் எனக்குக் காட்டியது ஒன்பதாவது நோட்டு. மற்ற எட்டும் சுவர் அலமாரியின் மேல்தட்டில், பிளாஸ்டிக் சாக்கில் சுற்றி வைக்கப்பட்டிருந்தன. 2023 வெள்ளத்தில் தண்ணீர் கீழ்த்தட்டு வரை வந்ததாம். அன்றிலிருந்து மேலே மாற்றிவிட்டாராம்.